டைமிங் அக்காவின் வெள்ளைக் கோடு

"எரிய வேண்டியப்ப எரிய மாட்ட, எரியக் கூடாதப்ப எரிவ. என்ன வளர்ப்பு உன்னோடது?" என்று எஞ்சினிடம் கேட்டுக்கொண்டே அக்கா விளக்கைப் பிடிக்கிறாள். துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்த விளக்கு, பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் மின்னும். அந்த மின்னலில், வேகமாகச் சுழலும் சக்கரத்தின் மேலுள்ள வெள்ளைக் கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். பக்கத்தில் பொறித்திருக்கும் அளவுகோலில் உரிய இடத்தில் கோடு நின்றால், பொறி சரியான நேரத்தில் விழுகிறது என்று அர்த்தம். இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. படகுத்துறைப் பட்டறையில் எஞ்சின் பழுது பார்க்கும் அவளுக்கு டைமிங் அக்கா என்றே பெயர்.

மூக்குக் கண்ணாடியை ஸ்டார்ட்டர் கயிற்றுத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். டீ வந்தால் தொடமாட்டாள். ஏடு படிந்து ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு டீயைத் திட்டுவாள். படகோட்டி யாராவது எஞ்சின் சத்தம் மாறுகிறது என்று வந்து நின்றால், "எனக்குத் தெரியாததை உன் காதுல வந்து சொல்லிச்சா?" என்பாள். வீட்டுக்காரர் தையல்காரர். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எத்தனை எஞ்சின் கிளம்பவில்லை என்று சொல்லிவிடுவார். அன்று அவரும் மெஷினை மெதுவாகத்தான் மிதிப்பார்.

கோபத்தில் பாதி நியாயமானது. கண்ணளவில் ஆயில் கலக்குகிறவர்கள், வலை சுற்றிய விசிறியோடு ஓட்டி எஞ்சினைக் கொல்லுகிறவர்கள், உதிரி பாகத்தை அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியோடு ஊருக்குப் போகும் மேலாளர் என்று திட்டுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. பாதி நியாயமாக இருந்ததால் மீதிப் பாதியை யாரும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று.

பதினாலு வருஷமாக அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகோட்டி ஒருவர் இருக்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். போன வாரம் நடு ஆற்றில் அவருடைய எஞ்சின் இழுவை இழந்தது. தண்ணீர் படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்ப் பாலத்தின் தூணில் மோதவிட்டது. பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள். ஒரு வயதான அம்மாவுக்கு மட்டும் மணிக்கட்டு உடைந்தது. எஞ்சின் பட்டறைக்கு வந்தது. அக்கா அதைத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டி ஓட்டி, விளக்கைப் பிடித்தாள். கோடு இம்மி பிசகாமல் நின்றது. மறுநாளும் பிடித்தாள், அதற்கு மறுநாளும் பிடித்தாள். "எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல சார். ஓட்டறவன் கைதான் சரியில்ல" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாள். படகு துறைக்குச் சொந்தம். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளுக்குக் கொடுப்பதாக முடிவாகி, ஓட்டியவர் தவறு என்று மேலாளர் துறைப் போர்டில் அவர் பெயரைப் பெரிதாக எழுதினார். அவள் சொன்னதற்கு அங்கே மேல்முறையீடு கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் படகோட்டி பட்டறைக்கு வந்தார். தொட்டியில் ஆளும் இல்லை, எதிர்த்தண்ணீரும் இல்லை. அங்கே எந்த எஞ்சினும் நல்ல பிள்ளையாகத்தான் ஓடும், பாரம் ஏற்றி முழு வேகம் கொடுத்தால் இது மூச்சு வாங்குகிறது என்று நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனரை மேஜைமேல் வீசினாள். மேலாளரைக் கூப்பிடு, எல்லாரையும் கூப்பிடு, இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறேன் என்று கத்தினாள்.

மேலாளர் வந்தார். இரண்டு மூன்று படகோட்டிகளும் வந்தார்கள். மனுஷனை அத்தனை பேர் முன்னால் நாறடிப்பதற்காகவே அவள் அந்தச் சோதனையைத் தொடங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, கோபத்திலும் வேலை சுத்தம். பிளக்கைக் கழற்றினாள். அந்தத் துளை வழியாக நீளமான ஸ்க்ரூடிரைவரை இறக்கிப் பிஸ்டனின் தலையில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினாள். பிஸ்டன் ஏற ஏற ஸ்க்ரூடிரைவரும் ஏறும். உச்சியில் அது கொஞ்சநேரம் சோம்பி நிற்கும் என்பதால் ஏறும்போது ஓர் அடையாளம், இறங்கும்போது ஓர் அடையாளம் வைத்து, நடுவை எடுப்பது அவள் வழக்கம். அந்த நடுவில் வெள்ளைக் கோடு பூஜ்யத்துக்கு நேரே இருக்க வேண்டும்.

இல்லை. ஒரு விரற்கடை பின்தங்கி நின்றது.

இன்னொரு தடவை சுற்றினாள். அப்போதும் அதே விரற்கடை. சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. 'பார்த்தியா, சரியா இருக்கு' என்று சொல்லி மூடியிருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். இந்த முறை திட்டுவதற்கு எதிரே யாரும் இல்லை.

சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரம் தண்டோடு சேர்ந்து சுற்றுவதற்காக நடுவில் பிறை வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், கீ என்பார்கள். அது பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. சக்கரம் தண்டைவிட்டு நகர்ந்திருந்தது. சக்கரத்தோடு அதிலிருக்கும் காந்தமும் கோடும் சேர்ந்தே நகர்ந்துவிட்டதால், பொறி தாமதமாக விழுந்தாலும் விளக்குக்கு எல்லாம் சரியாகவே தெரியும். போன மாசம் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றியபோது அந்தச் சக்கரத்தை மாட்டியது அவள்தான். யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே, எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ஸ்பேனரை எடுக்காமல், கைப்பதத்திலேயே நட்டை முடுக்கியிருந்தாள்.

"தப்பு இவர்மேல இல்ல சார். நான் நட்டைச் சரியா முடுக்கல. படகு தூண்ல மோதினது என்னாலதான்."

இதைச் சொல்லும்போதும் அவள் கத்தித்தான் சொன்னாள். மேலாளர் இரண்டு பக்கமும் பார்த்தார். சரி விடுங்க, படகு இவர்கிட்டயே இருக்கட்டும், எஞ்சின் பழசு என்று எழுதிக்கொள்ளலாம், எதற்கு வெளியே தெரிய வேண்டும் என்று பூசி மெழுகினார்.

"என் பேரை எழுதுங்க. அவர் பேரை மட்டும் அன்னிக்கு அவ்வளவு பெருசா போர்டுல எழுதினீங்களே, அதே அளவுல எழுதுங்க."

மேலாளர் அலமாரியைத் திறந்தார். புது கீ வந்தது. அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்கி, மறுபடி பிஸ்டனின் உச்சி பார்த்து, கோடு பூஜ்யத்தில் நிற்பதைப் படகோட்டியைக் குனிய வைத்துக் காட்டினாள். அவர் பார்த்தார். சந்தோஷம் ஒன்றும் முகத்தில் தெரியவில்லை.

"அந்த அம்மா கையை உடைச்சது நான்தான்னு என் பொண்டாட்டியே நம்பிட்டா அக்கா. நீங்க சொன்னீங்களேன்னு நம்பிட்டா."

அக்கா எஞ்சினைத் தூக்க ஒரு கை வைக்கப் போனாள்.

"வேண்டாம். நானே மாட்டிக்கறேன். நீங்க தொடாதீங்க."

அவர் தனியாகவே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார். அந்தப் பாரத்துக்கு நடை கோணியது. படகின் பின்பக்கப் பலகையில் எஞ்சினைத் தொங்கவிட்டுத் திருகாணியைப் பிடிக்கப் போனால், அலை படகை ஆட்டிப் பிடியை நழுவவைத்தது. இரண்டாம் தடவை விரல் நசுங்கியது. கரையில் நின்றவர்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

அக்கா செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் அளவுக்குப் போய், படகின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, இடுப்பைப் படகின் விளிம்பில் அழுத்தி அதை ஆடாமல் பிடித்தாள். எஞ்சின் பக்கம் திரும்பவில்லை. அவர் நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் முடுக்கினார். கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு மறுபடி முதலாவதிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தார். அவள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.