மச்சானை உள்ளே வைத்து அடித்த ரிவெட்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவர் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பவர். வெளியே நின்று அவர் அடிக்க, தகட்டுக்கு உள்ளேயிருந்து இரும்புக் கட்டையை முட்டுக் கொடுப்பது அவர் மனைவியின் அண்ணன். இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சில்லை. மச்சான் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, "வெந்நீர் நல்லா இருக்கு" என்று இவர் வாயை விட்டதில் வந்த வினை. வேலையெல்லாம் தட்டலிலேயே ஓடியது. ஒரு தட்டு என்றால் அடி, இரண்டு என்றால் நிறுத்து.

ஓய்வுபெறும் நாளில் மேடையேற்றி, "நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். மேடையே அறியாதவர். வாய்க்கு வந்த பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னார்.

ஒருநாள் பஸ்ஸின் சாமான் அறைக்குக் கடைசித் தகட்டை அடித்து முடித்தார். மறுபக்கம் திறந்திருக்கிறது, மச்சான் அப்படி வந்துவிடுவான் என்று நினைத்தார். மச்சானும் அப்படித்தான் நினைத்திருந்தான். அந்தப் பக்கத்தை வேறு ஆட்கள் காலையிலேயே அடைத்துவிட்டது இருவருக்குமே தெரியாது. உள்ளே தடதடவென்று தட்டல். கோபத்தில் தட்டுகிறான் என்று இவர் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்தபோதும் தட்டல் ஓயவில்லை. தகட்டில் காதை வைத்தார்.

"மச்சான், நான் உள்ள இருக்கேன்."

"தெரியுது."

"வெளிய வரணும்."

ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருப்பவன் பயந்துவிடக் கூடாதே என்று இவர் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் உள்ளேயிருந்து மச்சான் கேட்டான்.

"அந்த டீ... நெசமாவே வெந்நீர் மாதிரியா இருந்துச்சு?"

"சர்க்கரை இருந்துச்சு."

உள்ளே விசும்பும் சத்தம் கேட்டது. தகட்டைக் கழற்றியதும் இருவரும் ஒன்றாகப் போய் டீ குடித்தார்கள்.

அரங்கில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை. வெளிநாட்டில் படித்த முதலாளியின் மகள் எழுந்து, "ரொம்ப ரிவெட்டிங்கா இருந்துச்சு" என்றாள்.

"ஆமாம்மா, ரிவெட்டிங்தான். வெல்டிங்கா இருந்திருந்தா ஆள் வெந்திருப்பான்."

கூட்டம் ஏன் சிரித்தது என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு அவருடைய மகள் விளக்கினாள். "அது பழைய பிரெஞ்சு வார்த்தைப்பா. ஆணி முனையை மடக்கி அடிச்சு இறுக்குறது. அப்புறம், கேக்கறவங்க கண்ணையும் காதையும் அசையவிடாமப் பிடிச்சு வெக்கிற பேச்சுக்கும் இங்கிலீஷ்ல அதையே சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க."

"நான் யாரையும் அடிக்கலையே" என்றார். ஆனாலும் மனசுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தார்.

வாசலில் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் அழுதேன்னு ஏன் சொன்னீங்க?"

"அழலையா?"

"தும்மினேன்."

"சரி" என்று அவனுடைய வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்.