ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லும் விஜயகுமாரி

"ம், புடுங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் விஜயகுமாரி. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு யுபிஎஸ் மாட்டி முடித்ததும், அந்த இடத்துக்குப் பொறுப்பானவரே சுவரிலிருந்து யுபிஎஸ்ஸின் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தாக வேண்டும். பேங்க் மேனேஜரானாலும் விலக்கில்லை. பேட்டரிப் பெட்டியில் எரியும் பச்சை விளக்கை அவர் சட்டை செய்வதே இல்லை. "அது பாட்டுக்கு எரிஞ்சிக்கினு இருக்கும்ங்க. நான் புடுங்குனா என்னை நம்புவீங்க. நீங்க புடுங்குனாத்தான் அத நம்புவீங்க."

நெய்வேலி டவுன்ஷிப்பில் அவருடைய ஸ்கூட்டரைத் தெரியாதவர்கள் குறைவு. கால் வைக்கிற இடத்தில் பேட்டரி ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். அவர் கால்கள்தான் ஒதுங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் யுபிஎஸ்ஸில் மீந்த சாக்கெட்டுகளுக்குக் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். இல்லாவிட்டால் யாராவது டீ கெட்டிலைச் செருகிவிடுவார்களாம். பிடிவாதம்தான், ஆனால் கும்பிடத் தகுந்த பிடிவாதம்.

சமீபத்தில் அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருநாள் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடியும், நெட்வொர்க் சுவிட்ச் மறுபடி கண் விழிக்கச் சில நிமிடங்கள் ஆகிவிட்டன. நோயாளிகளின் இதயத்துடிப்பை நர்ஸ் மேசைத் திரைக்குக் கொண்டுவருவது அந்த சுவிட்ச்தான். திரையில் ஒரு கோடும் ஓடவில்லை. நர்ஸ் சரிதா படுக்கை படுக்கையாக ஓடினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருவதே இல்லை. ஷிப்ட் முழுக்க நடைதான்; கால் வீங்கிப் போயிருந்தது.

ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று அந்த சுவிட்சுக்கு இரண்டு கரண்ட் ஒயர்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தார்கள். விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரண்டு பொறக்கிற ஊருல அது எங்க போயிடப் போவுதுன்னு ஒரு நெனப்பு" என்றார். ஒயருக்கு ஒரு யுபிஎஸ் வைத்தார், மேசைக் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டார்.

சோதனைக்கு ஒவ்வொரு படுக்கையருகிலும் ஓர் ஆளை நிறுத்தினார். ப்ளக்கைப் பிடுங்க வந்த நிர்வாகியை இருக்கச் சொல்லிவிட்டு சரிதாவை அழைத்தார்.

"பயமா இருக்குக்கா. மறுபடியும் நின்னுபோச்சின்னா?"

"நின்னா இப்பவே நிக்கட்டும் சிஸ்டர். எல்லாரும் பக்கத்துலதான் இருக்கோம்."

சரிதா ஒரு ப்ளக்கைப் பிடுங்கினார். கொஞ்சம் தயங்கி அடுத்ததையும் பிடுங்கினார். யுபிஎஸ்கள் கத்த ஆரம்பித்தன. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. விஜயகுமாரி மட்டும் சரிதாவின் கால்களைப் பார்த்தார். அவை நின்ற இடத்திலேயே நின்றன. சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து, சத்தமில்லாமல், சரிதாவுக்குப் பின்னால் போட்டார்.