மஞ்சள் ஒட்டிய பக்கம்

ஆய்வு மேசையில் மஞ்சள் ஸ்டிக்கரைத் தாளிலிருந்து உரிக்கும்போது சில நேரம் அது விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அந்த நொடியில் எனக்கு எங்கள் பஸ் டிரைவர் அண்ணனின் கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம் நினைவுக்கு வந்துவிடும். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் தரம் பார்க்கிறவள் நான். எங்களிடம் மூன்றே நிறம். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கழிவு, மஞ்சள் என்றால் நிறுத்தி வை. அண்ணன் ஒருநாள் மூன்றிலும் ஒவ்வொரு தாள் கேட்டார். கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய பழைய தாள்கள் இருந்தன, கொடுத்தேன். அடுத்த வாரம் பார்த்தால் அந்த ஸ்டிக்கர்கள் அந்தப் புத்தகத்துக்குள் ஏறியிருந்தன.

குன்றத்தூரில் முதல் ஆளாக ஏறுகிறவள் நான்தான். முன் சீட்டில் உட்கார்ந்து அண்ணனிடம் வாய் கொடுப்பது வழக்கம். யார் எந்தச் சொலவடை சொன்னாலும் ஷிப்ட் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அண்ணனிடம் சொலவடைக்குப் பஞ்சமே இல்லை. நிறங்களைப் பற்றிக் கேட்டேன். கொல்லாதே என்று சொல்கிற இடத்துக்குப் பச்சை, கொல்லு என்று சொல்கிற இடத்துக்குச் சிவப்பு என்றார். சிவப்பு நாலைந்து இருக்குமென்று நினைத்தேன். சிவப்புத் தாள்தான் முதலில் தீர்ந்துபோயிருந்தது. கொல்லாதே என்று கல்லில் எழுதிக் கொடுத்த அதே கடவுள், ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லால் அடித்துக் கொல்லச் சொல்கிறார். இன்னும் தள்ளிப் போனால், பால்குடிக் குழந்தை முதல் ஆடுமாடு வரை ஒரு சனத்தையே மிச்சமில்லாமல் அழிக்கச் சொல்கிறார். "ஒரே வாய்தான்மா ரெண்டும் சொல்லுது" என்றார் அண்ணன். குறை சொல்கிற குரல் இல்லை அது. ஒயர் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தடவித் தடவிப் பார்க்கிறவனின் குரல்.

எங்கள் பக்கமும் லேசுப்பட்டதில்லை என்றேன். கொல்லாமையைப் போல அறம் இல்லை என்போம். ஆடி மாதம் அம்மனுக்குக் கிடா வெட்டிவிட்டு, "கொன்னா பாவம், தின்னா போச்சு" என்று இலையில் உட்காருவோம். சொந்தக்காரர்களை எப்படிக் கொல்வேன் என்று வில்லைக் கீழே போட்டவனை, தேர் ஓட்டிக்கொண்டிருந்த சாமியே எடுத்து அடி என்று சொன்ன கதையையும் சொன்னேன். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க சாமியும் டிரைவர்தானா? அத்தினி பேர் செத்தும் அவரு மேல ஒரு கேஸு இல்ல பாரு." நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மணிமங்கலம் தாண்டி ஏரிக்கரையை ஒட்டி ஒரு ரோடு போகும். எல்லாக் கம்பெனி பஸ்ஸும் அதில்தான் போகும். எங்கள் அண்ணன் மட்டும் சுற்றுவழியில் ஓட்டுவார். டீ குடிக்கிற பத்து நிமிஷம் அதில் போய்விடுகிறதென்று பெண்கள் நாங்கள் திட்டாத நாளில்லை. ஒருநாள் பொறுமை போய், அந்த ரோட்டில் உங்களுக்கு என்ன கடனா பகையா என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் இறங்கிய பிறகு சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழிப் பனியில், ஏரிக்கரைச் சரிவிலிருந்து சைக்கிளோடு இறங்கிய ஒரு மனிதர் நேராக அண்ணன் ஓட்டிய பஸ் முன்னால் வந்து விழுந்திருக்கிறார். பிழைக்கவில்லை. அண்ணன் மேல் தப்பில்லை என்று கோர்ட்டு விட்டுவிட்டது. "கோர்ட்டு பச்ச ஒட்டி அனுப்ச்சிருச்சும்மா. நான்தான் ஒட்டிக்க முடியாம கீறேன்."

அன்றிலிருந்து அவர் திருவிருந்து வாங்குவதில்லை. சர்ச்சில் எல்லாரும் முன்னால் போய் மண்டியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்களே, அது. தன் வரிசையின் முறை வரும்போது எழுந்து வெளியே போய்விடுவாராம். இப்போது மகளுக்கு முதல் திருவிருந்து. இரண்டு ஞாயிறுதான் இருந்தது. அப்பா பக்கத்தில் மண்டியிடாவிட்டால் நானும் வாங்கமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இந்தத் தேடல். புத்தகத்தின் கணக்கில் தான் கொலைகாரனா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

புத்தகம் முழுக்கத் தேடியும் மஞ்சள் ஒட்டியது ஒரே பக்கத்தில்தான். மரம் வெட்டும்போது கோடரியின் தலை கழன்று பறந்து பக்கத்து ஆளைக் கொன்றுவிட்டால், வெட்டியவன் அடைக்கல ஊர் ஒன்றுக்கு ஓடலாம். செத்தவனின் சொந்தக்காரன் அங்கே அவனைத் தொட முடியாது. ஆனால் தலைமைக் குரு, கோயிலின் பெரிய பூசாரி, சாகும்வரை அவன் வீடு திரும்பக் கூடாது என்று இன்னோர் இடம் சொல்கிறது. எல்லையைத் தாண்டி ஒரு அடி வெளியே வைத்தால், பழிவாங்குகிறவன் கொன்றாலும் பாவமில்லை. "தப்பு இல்லன்னா ஏன் ஓடணும்? தப்புன்னா ஏன் கதவத் தொறந்து வுடணும்?" என்று கேட்டார் அண்ணன். போதகரிடமும் கேட்டிருக்கிறார். அதெல்லாம் பழைய சட்டம், கிருபைக்குள் வா என்றிருக்கிறார் அவர். அண்ணனுக்கு மனம் ஆறவில்லை.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? தெரிந்த தொழிலைச் சொன்னேன். மஞ்சள் என்றால் கழிவு இல்லை அண்ணா, பார்க்க வேண்டிய ஆள் இன்னும் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒட்டிய நானே அதை உரிக்க முடியாது என்றேன். மூன்றாம் நாள் கேட்டார்: "அந்த சைக்கிள்காரரு சம்சாரம் அதே ஏரிக்கரை ஊர்லதான் கீது. கூட வரியா? நான் மட்டும் போனா கதவ சாத்திக்குவாங்க."

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து போனோம். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. நான்தான் அந்த பஸ் ஓட்டியவன் என்றார் அண்ணன். அந்த அம்மா குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, நிதானமாக அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீதானா அது? ஒரு மாசம் காலையில கையில கல்ல வெச்சிகினு ரோட்டுல நின்னேன், உன் பஸ்ஸு கண்ணாடிய ஒடைக்க. நீ வரவே இல்ல. நீ பாட்டுக்கு ஒளிஞ்சிகினே. கல்ல வெச்சிகினு நான் இன்னா பண்றது, சொல்லு? வூட்டுக்குள்ள வந்து புள்ளைங்க மேல எரிஞ்சி வுழுந்தேன்."

மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. நான்தான் போய் மூடினேன். கடைசியில் அந்த அம்மா சொன்னார்: "மன்ச நெனப்பு போவாது. அதுக்காவ நீ சுத்திகினே இருந்தா செத்தவரு வந்துருவாரா? இந்த ரோட்டுலயே போ. நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு யோசனை. அந்தப் பழைய அடைக்கல ஊரின் கதவு ஓடி வந்தவனுக்காக மட்டும்தானா? கல்லோடு துரத்தி வந்தவனின் கையும் கறைபடக் கூடாது என்றுதான் மூடினார்களோ? அப்படியென்றால் குரு செத்தால் மட்டும் கோபம் எப்படித் தீரும்? அண்ணனிடம் கேட்டேன். தெரியலம்மா, செவப்பு இன்னும் செவப்பாத்தான் கீது என்றார். எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மகளின் திருவிருந்து நாளான ஞாயிற்றுக்கிழமை நான் நெற்றிப் பொட்டோடு சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வரிசை எழுந்தது. மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கைமேல் ஒரு கை வைத்து நீட்டினார்.

இப்போது அவர் வேறு கம்பெனிக்கு ஓட்டுகிறார். அந்த ஏரிக்கரை ரோட்டையும் அகலமாக்கிவிட்டார்கள். எங்களுக்கு டீக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமைக் காலையை நான் மறக்கவில்லை. மணிமங்கலம் தாண்டியதும் பஸ் ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது. பின்சீட்டிலிருந்து ஒரு பெண், இன்னாண்ணா ரூட்ட மாத்திட்டியா என்று கேட்டாள். அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இல்லம்மா. இதான் ரூட்டு. இத்தினி நாளுதான் மாத்தி ஓட்டிகினு இருந்தேன்."