பத்து விநாடிக்கு முன்னால்

"பந்து பாக்கிறதுக்கும் ஒரு படிப்போ, பிள்ளை?"

நகரின் புறப்பகுதியான கர்க்லாண்டில், மாமா வீட்டில், மச்சாளின் பிறந்தநாளன்று, எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா இப்படிக் கேட்டார். மச்சாள் பல் வைத்தியம் படிக்கிறாள். நான் விளையாட்டு அறிவியலில் பட்டம் முடித்து, ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் காணொளிப் பகுப்பாய்வு அறையில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். "அதுக்குத்தானே வீட்டில ரீவி இருக்கு" என்றும் மாமா சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர.

அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா அதையும் தாண்டவில்லை. எங்கள் குடும்பத்தில் சட்டம் போட்டு மாட்டிய முதல் சான்றிதழ் என்னுடையது. செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜுக்கு மேலே தொங்குகிறது. தண்ணீர் கேட்கும் எந்த விருந்தாளியும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

ஆட்டத்தைத் திரையில் ஓடவிட்டு, ஒவ்வொரு வீரரும் செய்வதைப் பதிவு செய்வதே என் வேலை. பந்தைக் கொடுத்தால் கணினியில் ஒரு விசையை அழுத்தவேண்டும், தலையால் அடித்தால் இன்னொன்று, பறித்தால் வேறொன்று. கோல் விழுந்தால் பட்டியலின் கடைசிக் கட்டத்தில், தவறு யாருடையதோ அவருடைய சட்டை எண்ணைப் போடவேண்டும்.

நான்காவது மாதம், என் மேலாளர் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் என்னிடம் தந்தார். அவர் இங்கிலாந்துக்காரர், பின்கள வீரர். வயது முப்பத்துநான்கு. அவரை எடுப்பதா விடுவதா என்று கழகம் யோசித்துக்கொண்டிருந்தது. கடைசி மூன்று பருவங்களைப் பார்த்தாலே போதும் என்றார் மேலாளர். நான் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன்.

பதினேழு வயதில், மழையில், செங்கல் சுவரோரம் சேறாகிக் கிடந்த ஒரு மைதானத்தில் அவர் தொடங்குகிறார். அவருடைய கழகம் அவரை மூன்று சிறிய ஊர்களுக்கு மாறிமாறி இரவலாக அனுப்புகிறது. இரண்டு முறை அவருடைய அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்குகிறது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஒரு முழுப் பருவமும் மாற்று வீரர்களின் வாங்கில் உட்கார்ந்தே கழிகிறது. நாட்டின் அணிக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. கோப்புக்குக் கோப்பு தலைமுடி குறைந்துகொண்டே போகிறது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் வந்து நிற்கிறார். ஒருவரின் பாதி வாழ்நாளை மூன்று வாரத்தில் பார்த்தது எனக்குள் ஏதோ செய்தது.

ஆனாலும் கடைசிக் கட்டத்தில் அவருடைய எண்தான் திரும்பத் திரும்ப விழுந்தது. பந்து வலைக்குள் போகும் நேரம் கோல் அடித்தவரின் காலடியில் கிடப்பது பெரும்பாலும் அவர்தான். "எடுக்கவேண்டாம்" என்று எழுதி, வெள்ளிக்கிழமை அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் அந்தக் கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அப்பா தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்றார்.

"உவன் என்ன, எந்தக் கோலுக்கும் வலைக்குப் பக்கத்திலயே கிடக்கிறான்? இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவனோ?"

"அவர்தான் கோல் விட்டவர், அப்பா. பாருங்கோ."

காட்டுவதற்காகப் பின்னால் ஓட்டினேன். அவசரத்தில் கூடுதலாக ஓட்டிவிட்டேன். திரையில் அவர் மைதானத்தின் மறுபக்கத்தில் நின்றார். பந்தை இழந்தது வேறொருவர். இழந்தவர் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். மற்ற இருவரும் நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள். இவர் ஒருவர் மட்டும் ஓடினார். மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடி, எட்டாது என்று தெரிந்தும் காலை நீட்டி விழுந்தார்.

அடுத்த கோலையும் பத்து விநாடி முன்னாலிருந்து பார்த்தேன். அதற்கடுத்ததையும். தேத்தண்ணி ஆறிப்போனது. எல்லாக் கோலும் அப்படியல்ல. சிலவற்றில் தவறு அவருடையதேதான். ஆனால் பெரும்பாலானவற்றில், மற்றவர்கள் விட்டுவிட்ட இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்தவர் அவர். ஓடாமல் நின்றிருந்தால் என் பட்டியலில் அவருடைய எண் விழுந்திருக்கவே மாட்டாது. ஓடியதற்காகத்தான் நான் அவர்மேல் குற்றம் எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை மேலாளரின் அறைக் கதவைத் தட்டினேன்.

"என் அறிக்கை பிழை."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். "நீ இன்னும் பயிற்சியில் இருக்கிறாய். யார் தங்குவது என்று அடுத்த மாதம் முடிவெடுக்கப்போகிறோம். இது தெரிந்துதான் சொல்கிறாயா?"

"தெரிந்துதான்."

"பயிற்சியாளர் அறிக்கையைப் புதன்கிழமை காலைதான் பார்க்கிறார்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு மறுபடியும் கணினிக்குத் திரும்பினார். இரண்டு நாள் தந்துவிட்டார் என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை பயிற்சியாளருக்கு இரண்டு துண்டுகளைத்தான் முதலில் போட்டேன். ஒன்றில் அந்தப் பின்கள வீரருக்குப் பதினெட்டு வயது, சேற்றில் ஓடுகிறார். மற்றதில் முப்பத்துமூன்று. அதே ஓட்டம்தான். கால் வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் இப்போது மூன்று அடி முன்னதாகவே புறப்பட்டுவிடுகிறார். மற்றவர்கள் ஆபத்தைக் காண்பதற்கு முன்பே அவருடைய தலை அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

"திரும்பப் போடு" என்றார் பயிற்சியாளர். போட்டேன். "இன்னொருமுறை."

அவரை எடுத்தார்கள். என்னையும் வைத்துக்கொண்டார்கள்.

அவர் வந்து சில வாரங்களில், உணவறையில் தட்டோடு எனக்கு எதிரே அமர்ந்தார். திரையில் இவ்வளவு காலம் பார்த்த மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் உருளைக்கிழங்கு சாப்பிடுவதை நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துணிந்து, சேற்று மைதானத்துக் கோல் ஒன்றைப் பற்றிச் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"இடப்பக்கக் கம்பத்துக்குக் கீழே. இரண்டு அடி பிந்திவிட்டேன்."

"அது உங்கள் தவறில்லை. பந்தை இழந்தவர் வேறு ஆள்."

நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை போலிருந்தது.

"பந்து உள்ளே போய்விட்டதே" என்றார்.

இழந்தவரின் பெயரை அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, மறக்க விரும்பினாரா என்று நான் கேட்கவும் இல்லை. அந்த ஒரு வசனத்தை மட்டும் மெட்ரோவில் வீடு வரைக்கும் கொண்டுபோனேன்.

இப்போது நான் எந்தக் கோலையும் பத்து விநாடி முன்னால் போகாமல் பதிவதில்லை. புதிதாக வரும் பயிலுநர்களுக்கும் அதைத்தான் முதலில் காட்டுகிறேன். அவர் புறப்படும் கணத்தைத் திரையில் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். மைதானத்தில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது தெரியாமல் இருந்தது.

போன கிழமை மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். மச்சாளின் பட்டமளிப்பு விருந்து, சனிக்கிழமை.

"நான் பின்னேரம்தான் வருவன், மாமா. காலமை வகுப்பு."

"இன்னுமோ? பந்து பாக்கிற படிப்பு முடியேல்லையோ?"

"அது முடிஞ்சுது. இது பழக்கிறதுக்கு. உதைபந்தாட்டப் பயிற்சியாளருக்கான வகுப்பு."

"அதுக்கும் சேட்டிபிக்கேட் தருவாங்களோ?"

"தருவாங்கள், மாமா. ஃப்ரிட்ஜுக்கு மேல இன்னும் இடம் கிடக்கு."

இரண்டு சனிக்கிழமைகள் போய்வந்துவிட்டேன். வகுப்பு பிரெஞ்சில் நடக்கிறது, முழுவதும் மைதானத்தில்தான். முதல் நாள் மழை பெய்தது. சேறு அப்பிய என் சப்பாத்துகள் வாசலில் இருக்கின்றன. அம்மா அவற்றுக்குக் கீழே பழைய பேப்பர் விரித்து வைத்திருக்கிறா.