ஆறாவது வரி காலியாக இருக்கட்டும்

எங்கள் ஊர்த் தெருநாய்களை ரொசால்பா பாரியா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏய் நூத்திநாப்பது, செருப்பைக் கீழ போடு!" என்பாள். நூற்றுநாற்பது செருப்பைக் கீழே போட்டுவிடும். மனிதர்களிடம் அவளுக்கு அவ்வளவு செல்வாக்கு கிடையாது.

எங்கள் ஊரான புவெர்த்தோ லிங்கேயில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வரும், இல்லாவிட்டால் மழை வரும், இரண்டும் இல்லாத நாளில் நாய் வரும். மீனவர் கூட்டுறவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டர் பார்த்தவள் ரொசால்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கேட்டவன் எவனும் மழைல நனையத் தயாரா இல்லை" என்பாள். படகுகளுக்காக அவள் எழுதிய நிரலை வேலையிலிருந்து நின்ற பிறகு நாய்களுக்கு மாற்றினாள். சிப்பி டப்பா மூடியை வெட்டி, ஓரத்தைத் தட்டி மழுக்கி, ஆணியால் எண் குத்தி, ஒவ்வொரு நாயின் கழுத்திலும் கட்டினாள். நகரத்திலிருந்து கால்நடை மருத்துவரை வருஷத்துக்கு இரண்டு முறை கெஞ்சி வரவழைத்துத் தடுப்பூசி போட வைத்தாள்.

அவள் ஏடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு நாய்க்கு ஒரு வரி: பெயர், ஆணா பெண்ணா, நிறம், ஊசி போட்ட தேதி. கோப்பில் எண்ணை எங்கும் எழுதமாட்டாள். எத்தனையாவது வரியோ அதுதான் எண். நூற்றுப்பதினெட்டு என்று தட்டினால், யாரோ முன்பே எழுதிவைத்த ஒரு நிரல் கட்டு ஓடிப்போய் நூற்றுப்பதினெட்டாவது வரியைக் கொண்டுவந்து கொடுக்கும். அந்தக் கட்டுக்கு லைப்ரரி என்று பெயராம். புத்தகம் ஒன்றுமில்லாத லைப்ரரி என்று நான் கேலி செய்வேன். நான் நெல்டா, பக்கத்து ரொட்டிக் கடைக்காரி. எனக்கு மாவைத் தவிர வேறொன்றும் தெரியாது, வாயைத் தவிர வேறு ஆயுதமும் இல்லை.

அந்த வருஷம் ரொசால்பா கண் அறுவைக்காக இரண்டு மாதம் நகரத்தில் தங்க வேண்டியிருந்தது. ஏட்டை என்னிடம் ஒப்படைத்தாள். படகு ஏறும் முன் இருபது விஷயம் சொன்னாள். அதில் ஒன்று, "செத்துப்போனா வரில உள்ளதைத் துடைச்சிடு. வரியை எடுத்துடாதே." இருபதில் பத்தொன்பது என் நினைவில் நின்றது.

அவள் போன ஒன்பதாம் நாள் என் மீகா செத்துப்போனாள். மீகா என்றால் ரொட்டித் துணுக்கு. பதின்மூன்று வருஷம் என் அடுப்படியில் கிடந்தவள். ஏட்டில் ஆறாவது. அடுப்புக் கொட்டகைக்குப் பின்னால் நானே குழி தோண்டிப் புதைத்தேன். கை மண்ணைக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் வரியைத் துடைத்தேன். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே வெறும் இடம். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பொத்தானை இன்னொரு தட்டு தட்டினேன். கீழே இருந்ததெல்லாம் ஒரு படி மேலே ஏறி இடைவெளி மூடிக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது. பிறகு குளிரில் இன்னும் நான்கு நாய்கள் போயின. எண்ணைத் தட்டாமல் பெயரைத் தேடிப் பிடித்து, அவற்றுக்கும் அதே கைவைத்தியம்தான்.

புதைத்தவர்கள் தகரத்தைக் கொண்டுவந்து கொடுப்பது ஊர் வழக்கம். அந்த நான்கையும் அவள் வீட்டுச் சுவர்க் கம்பியில் கோத்தேன். மீகாவின் தகரம் மட்டும் என் மேலங்கிப் பையிலேயே இருந்தது. திரும்பி வந்த ரொசால்பா கேட்டாள்: "எங்கடி ஆறு?" 

"அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். அங்க எலி ஜாஸ்தி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். ஆனால் வாயைத் திறந்து "செத்துட்டா" என்று சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

மூன்று வாரம் கழித்துத் துறைமுகத்தில் திரியும் கஃபே என்ற நாய் ஒருவரைக் கடித்துவிட்டது. கடிபட்டவர் மெல்காரெஹோ, நகராட்சியின் புது சுகாதார ஆய்வாளர். படகுத் துறைச் சரிவில் அதன் வாலை மிதித்தது அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் இப்படி: ஊசி போட்ட நாய் என்றால் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்துவிட்டு விட்டுவிடலாம். ஊசி போடாத நாயைக் கூண்டு வண்டியில் ஏற்றி அக்கரைக்கு அனுப்புவார்கள். அக்கரை போன நாய் எதுவும் இதுவரை திரும்பியதில்லை.

கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அவர் ரொசால்பா வீட்டுக்கு வந்தார். நான் ரொட்டி கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றேன்.

"தகரத்துல நூத்திப்பதினெட்டுன்னு இருக்கு, ரொசால்பா அம்மா. ஊசி போட்டிருக்கா? வண்டி நாலு மணிப் படகுல போகுது."

"போட்டிருக்கு சார். இருங்க, தேதியோட காட்டறேன்." அவள் எண்ணைத் தட்டினாள். நியேவே, பெண், வெள்ளை என்று வந்தது.

ஆய்வாளர் தன் காலைப் பார்த்தார். "என்னைக் கடிச்சது பழுப்பு. ஆம்பளை. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

பெயரைத் தேடலாமே என்றால், எங்கள் ஊரில் பழுப்பு நாய் எல்லாமே கஃபேதான், அதாவது காப்பி. ஏட்டில் பதினான்கு கஃபே. சிலதுக்கு ஊசி உண்டு, சிலதுக்கு இல்லை. எண் ஒன்றுதான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

ரொசால்பா மறுபடி தட்டினாள். மறுபடியும் வெள்ளை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "என் கண்ணுதான் ஏமாத்துது. இல்லேன்னா நானே எங்கயோ தப்பாப் போட்டிருக்கேன்" என்றாள். பதினொரு வருஷ ஏடு. அந்தக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"உன் கண்ணு இல்லைடி. நான்தான். செத்ததோட வரியை மொத்தமா எடுத்துட்டேன்" என்றேன்.

"எடுத்துட்டியா?"

"காலி வரி எல்லாம் பொக்கை வாய் மாதிரி இருந்துச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் கடையில எண் சீட்டு குடுக்கறே இல்ல? முப்பத்திநாலு மழைக்குப் பயந்து வீட்டுக்குப் போயிட்டா, முப்பத்தஞ்சு கையில இருக்கற சீட்டு முப்பத்திநாலு ஆயிடுமா?"

"ஆகாது."

"இங்க ஆக்கிட்டே. செத்தவங்க இடத்தைக் காலியா விட்டாத்தான் இருக்கறவங்க இடம் மாறாது. எத்தனை வரி எடுத்தே?"

சுவர்க் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "நாலு" என்றேன்.

"சின்ன எண்லேருந்து படி."

கடைசியாகக் கோத்த நான்கு தகரங்களையும் எடுத்துப் படித்தேன். முப்பத்தொன்று, அறுபத்துநாலு, எழுபது, நூற்றிரண்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு காலி வரி திறந்தாள். பிறகு நூற்றுப்பதினெட்டு என்று தட்டினாள்.

கஃபே. ஆண். பழுப்பு. ஊசி: இல்லை.

"பொருந்திடுச்சு" என்றார் ஆய்வாளர். குரலில் சந்தோஷம் இல்லை, பாவம், அவரும் மனிதர்தானே. "மன்னிக்கணும் அம்மா. உங்க ஏடே சொல்லுது."

ரொசால்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போட்டேனே... நான்தானே பிடிச்சுக்கிட்டேன்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன் நினைவையே அவள் சந்தேகப்படத் தொடங்கிவிட்டாள். ஆய்வாளர் தாளில் எழுதப் பேனாவை எடுத்தார். அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும், ஆறாவது வரி இன்னும் குறைகிறது, திரையில் இருப்பது ஒரு படி மேலே ஏறிவிட்ட பக்கத்து வீட்டுக்காரன், நூற்றுப்பத்தொன்பது என்று. நான் பேசாமல் இருந்தால் மீகா அக்கா வீட்டில் எலி பிடித்துக்கொண்டிருப்பாள். துறைமுகத்துக் கஃபே நாலு மணிப் படகில் போய்விடும்.

மேலங்கிப் பையில் கையை விட்டேன். மாவு ஒட்டிய தகரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஆறு" என்றேன்.

ரொசால்பா தகரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எப்போ?"

"நீ போன ஒன்பதாம் நாள்."

"அடிப் பாவி. தனியாவா புதைச்சே?"

தலையாட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஆய்வாளர் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கும் அளவுக்கு நேரம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, திறந்த நான்கு காலி வரிகளையும் சேமிக்காமல் கோப்பை மூடினாள். "முதல்ல ஆறு போட்டாத்தான் மிச்சமும் சரியா உக்காரும். முதல்லேருந்து படி. சத்தமா."

படித்தேன். ஆறு. முப்பத்தொன்று. அறுபத்துநாலு. எழுபது. நூற்றிரண்டு. செத்துப்போன ஐந்து பேரும் அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். நூற்றுப்பதினெட்டு என்று அவள் தட்டினாள். கஃபே, ஆண், பழுப்பு, ஊசி: மார்ச் ஒன்பது.

ஆய்வாளர் லேசில் நம்புகிறவர் இல்லை. இரண்டு முறை ஏமாந்தவர் வேறு. வாசலுக்குப் போய், கூரையடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாய்களின் கழுத்தைத் தூரத்திலிருந்தே குனிந்து பார்த்துக் கத்தினார்.

"எண்பத்தேழு!"

"கறுப்பு, பொண்ணு!" என்றாள் ரொசால்பா உள்ளேயிருந்து.

"நூத்தியம்பத்திரெண்டு!"

"புள்ளி போட்டது, ஆம்பளை!"

"நூத்திநாப்பது! இது என் செருப்பைத் தூக்குது!"

"அதான் சார் நூத்திநாப்பது!"

நாலு மணிப் படகில் கூண்டு காலியாகத்தான் போனது. பத்து நாள் கஃபே என் கொட்டகையில் கட்டிக்கிடந்தது. நேற்றைய ரொட்டியைத் தொடமாட்டான், சூடாகத்தான் வேண்டும் துரைக்கு. பதினோராம் நாள் அவிழ்த்துவிட்டேன். போகவில்லை.

ஏட்டைச் சரிசெய்த அன்று, ஆய்வாளர் போன பிறகு மீகாவின் தகரத்தைக் கம்பியில் கோக்க நான் எழுந்தேன். ரொசால்பா மாத்தே தேநீர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "தகரத்தை நீயே வெச்சுக்கோ. வரியை மட்டும் விட்டுடு."

இப்போதும் ரொட்டி கொடுக்கப் போகும்போது, அவள் தண்ணீர் கொதிக்கவைக்கும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் எண் தட்டிப் பார்ப்பேன். ஐந்நூறு என்று தட்டினால் அப்படி ஒரு எண்ணே கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும். ஆறு என்று தட்டினால் அப்படிச் சொல்வதில்லை. ஓடிப்போய், ஆறாவது வரியைக் கண்டுபிடித்து, காலியாக இருந்தாலும் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறது.