சன்னலோரப் பாகம்

என்னை இரண்டு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். கைப்பையின் ஜிப்பைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். போன வாரம் தேனியில் மகளுடைய பள்ளியில் அந்தத் தண்டனை கிடைத்தது. ப்ளஸ் டூ முடித்துப் போகிறவர்களுக்கு வழியனுப்பு விழா. மகள் ப்ளஸ் ஒன்தான். ஆனால் வாசலில் சந்தனம் கொடுக்க நிற்கிறாளாம், அதனால் நானும் வந்தே ஆக வேண்டுமாம். மேடையில் திரை கட்டி, போகிறவர்களில் ஒவ்வொருவருடைய படத்தையும் போட்டு, தூக்கத் திலகம், செல்ஃபி ராணி என்று பட்டம் கொடுத்தார்கள். அவரவர் படம் அச்சடித்த பீங்கான் கப் ஒன்று பரிசு. பிள்ளைகள் கப்பை வாங்கி, போட்டோவுக்குச் சிரித்து, இறங்கிப் போனார்கள்.

பக்கத்து நாற்காலியில் போடியிலிருந்து வந்த ஓர் அம்மா. ஏலக்காய் வியாபாரக் குடும்பம். வியர்வையைத் துடைக்க அவர் கைக்குட்டையை எடுத்தபோது பையிலிருந்து ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. அதற்குப் பிறகு மேடையில் யாருக்கு என்ன பட்டம் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. நான் சின்னமனூருக்குப் போய்விட்டேன். எங்கள் பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருந்தது, அதற்கடியில்.

எங்களுக்குப் பட்டமும் கிடையாது, கப்பும் கிடையாது. பாகம் பிரிப்பது உண்டு. பரீட்சைக்குப் படிக்க விடுகிற விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், ப்ளஸ் டூக்காரர்கள் அதுவரை அனுபவித்த சொத்துகளை ப்ளஸ் ஒன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். பெரியப்பாவும் சித்தப்பாவும் வரப்புக்கு மல்லுக்கு நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். முன்னொரு வருஷம் யாரோ எழுதி வைத்து, அது தலைமையாசிரியர் கையில் சிக்கி, காலைக் கூட்டத்தில் அவரே அதை வாசித்துவிட்டாராம். அவர் வாசித்தபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எழுதியவருக்குப் பெரிய வருத்தமாம்.

நான் சொல்கிற வருஷம் நாங்கள் ப்ளஸ் ஒன், அதாவது வாங்கிக்கொள்கிற கட்சி. ப்ளஸ் டூவில் இருப்பதிலேயே குள்ளமானவர்தான் நாட்டாமையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வருஷம் முருகேசன் அண்ணன். கவிழ்த்த வாளியின்மேல் ஏறி, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். முதலில் ஒருவர் வந்தார். காம்பவுண்டுச் சுவர் ஓட்டையைப் பின்பெஞ்சுக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார். தலைமையாசிரியர் சுற்றிப்பார்க்க வருகிற திங்கட்கிழமைதோறும் முள்ளு வைத்து மறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்தவர் கொடுத்தது ஒரு தாத்தாவை.

"என்னோட கம்பத்துத் தாத்தாவ ஒனக்குத் தாரேன்லே. லீவுக்காக மூணு தடவ செத்துட்டாரு. இன்னும் ரெண்டு தடவ தாங்குவாரு. ஜுவாலஜி சாருகிட்ட மட்டும் சொல்லிராத. காரியத்துக்கே வாரேன்னுட்டாக."

ஒவ்வொரு சொத்துக்கும் நாட்டாமை "சம்மதமா?" என்று கேட்பார். வாங்குகிறவர் "சம்மதம்" என்று சொன்னால்தான் கை மாறும். இதில் ஒரு பயமும் இருந்தது. யாரும் சம்மதம் சொல்லாத சொத்து கொடுத்தவரிடமே தங்கிவிடும், அவர் ஃபெயிலாகித் திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்காருவார் என்று ஒரு நம்பிக்கை. 'கொய்யா' என்ற தன் பட்டப்பெயரைக் கொடுக்கப் பார்த்த ஒருவரிடமிருந்து அதை வாங்க ஆளில்லாமல் போய், அவர் கணக்கில் போய்விட்டாராம். அவர் எப்படியும் கணக்கில் போயிருப்பார் என்பது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து ப்ளஸ் டூக்காரர்கள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னீர் சோடா வாங்கித் தந்தால்தான் சம்மதம் என்று நாங்களும் முறுக்கிக்கொள்வோம்.

அந்த மார்ச் மாதம் யாருக்குமே இருப்புக் கொள்ளவில்லை. வெயில் ஒரு பக்கம், திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிற வாடை ஒரு பக்கம். கோயம்புத்தூர், பாலிடெக்னிக், நர்சிங் என்று எல்லோருக்கும் எங்காவது கிளம்ப வேண்டும். எனக்கு இன்ன ஊர் என்றுகூடக் கிடையாது. பள்ளத்தாக்கைத் தாண்டி எந்தப் பஸ் போனாலும் அதில் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். காலை ஆட்டி ஆட்டி இரண்டாவது பெஞ்சையே லொடலொடக்க வைத்திருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தாங்கிக்கொண்டவள் பவுனு.

பவுன்தாய் என்பது முழுப்பெயர். மேகமலையில் ஒரு டீ எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டுப் பிள்ளை. மலையில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் சரியாக வராமல் அவளுக்கு இரண்டு வருஷம் வீணாகிப்போனது. அதனால் எங்களைவிட மூத்தவள். சின்னமனூரில் அரசு விடுதியில் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினால் திங்கட்கிழமைதான் இறங்குவாள். அவள் அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் கூலி வேலை. மழைக்காலத்தில் மேலே துணி காயாது. அதனால் இவளுடைய யூனிஃபார்மையும் ஸ்டோர் சூட்டில் காயப்போட்டுக் கொடுத்துவிடுவார். திங்கட்கிழமைகளில் அவள் வந்து உட்கார்ந்தால் எங்கள் பெஞ்சு முழுக்க ஏலக்காய் மணக்கும். கெமிஸ்ட்ரி லேப் வாடையைவிட அது எவ்வளவோ தேவலை.

அவள் இடம் சன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். பாடம் நடக்கும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல இப்ப மழை" என்பாள். மேகம் எந்த மடிப்பில் இறங்கியிருக்கிறது என்று பார்த்து அவளால் சொல்ல முடியும். நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். எனக்கு எல்லா மடிப்பும் ஒன்றுதான்.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். ப்ளஸ் டூக்காரர்கள் எல்லோரும் கொடுத்து முடித்தாயிற்று. முருகேசன் அண்ணன் தன் பங்காக, காலைக் கூட்டத்து வரிசையில் தான் நின்ற முதல் இடத்தை எங்கள் வகுப்பின் நெட்டையனுக்குக் கொடுத்தார். அவன் முழங்காலை மடக்கி நின்று சம்மதம் சொன்னான். வாளியிலிருந்து அவர் இறங்கப்போகும் நேரம் பவுனு எழுந்தாள்.

"அண்ணே, என்னோடதையும் பிரிச்சுருங்க."

"ஏ பிள்ள, ஒனக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்குல்ல?"

"அது கெடக்கட்டும்ண்ணே."

எல்லோரும் சிரித்தோம். பவுனு யாரையும் கேலி செய்து நாங்கள் பார்த்ததில்லை. அதனால் கூட்டம் உற்சாகமாகிவிட்டது. "மலைப் பஸ்ஸு வரல சார்" என்ற தன்னுடைய திங்கட்கிழமைச் சாக்கை ஜெயராஜுக்குக் கொடுத்தாள். ஜெயராஜ் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சாரி. இங்கே மணியடிக்கும்போது அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அட்டை கடித்தால் வைக்கிற உப்புப் பொட்டலத்தை, மலைப்பக்கமே போயிராத இன்னொருவனுக்குக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சன்னலோரத்த இவளுக்குத் தாரேன். இவ ஒரு எடத்துல உக்கார மாட்டா. வெளியப் பாத்துக்கிட்டாச்சும் உக்காரட்டும்."

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எனக்கு மட்டும் கால் ஆடுவது நின்றுவிட்டது. "எங்கடி போற?" என்று கேட்டேன்.

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். "எங்காத்தாவுக்கு இடுப்பு முடியலடி. இனிமே கொழுந்து எடுக்க ஏலாதுன்னுட்டாக. எஸ்டேட்டுல ஆத்தா பேர வெட்டுனா வீட்டக் காலி பண்ணணும். அது எடத்துல நான் பேரு பதிஞ்சுட்டா வீடு நிக்கும். முழுப்பரீட்சை எழுதிட்டு வாரேன்னு டைம் கேட்டிருக்கு."

அப்பாவுக்கு நிரந்தர வேலை கிடையாது, வீடு அம்மாவின் வேலைக்கு வந்த வீடு என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். எல்லாப் பாடத்திலும் பாஸாகிற பிள்ளை, டீச்சர் டிரெய்னிங் போய் மலைப் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராக வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, கூடையைக் கட்டிக்கொண்டு போகப்போகிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். முருகேசன் அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், சிரிப்பில் கேட்க விட்டுப்போன ஜெயராஜைப் பார்த்து "சம்மதமா?" என்று கேட்டார்.

"சம்மதமில்ல" என்றான் ஜெயராஜ்.

விளையாட்டில்லாமல் அப்படி ஒரு பதிலை வேப்பமரம் அதுவரை கேட்டதில்லை. எங்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உப்புப் பொட்டலத்துக்காரனும் சம்மதமில்லை என்றான். நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. சொத்து கை மாறாவிட்டால் கொடுத்தவர் திரும்பி வந்தே ஆக வேண்டும் இல்லையா? கையில் வேறு எதுவும் இல்லாத பிள்ளைகள் நாங்கள். இந்த ஒரு விதி இருந்தது. வழக்கில் ஜெயித்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பவுனு எங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு தாவணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. ப்ளஸ் டூ வகுப்பிலும் மலை தெரிகிற சன்னலோரத்தில் என் பையை வைத்து இடம் பிடித்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி உட்கார வந்தாள், "ஆள் வருது" என்றேன். தினமும் அதையே சொன்னேன். ஒரு மாதம் போயிருக்கும். தண்ணீர் குடிக்கப் போன ஜெயராஜ் ஓடி வந்து, "பவுனு ஆபீசு வாசல்ல நிக்கிதுடி" என்றான். சாரிடம் கேட்காமலே எழுந்து போனேன்.

வராந்தாவில் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் அப்பா கிளார்க்கின் முன்னால் நின்றிருந்தார். பவுனின் விரல்களில் டீக் கறை ஏறிக் கறுத்திருந்தது. கையெல்லாம் செடி கிழித்த கோடு. நான் அதைப் பார்க்காத மாதிரி, "வா, எடம் புடிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

"டி.சி. வாங்க வந்தோம்டி."

"சம்மதமில்லன்னு சொன்னோம்ல? நீ வந்துதான் ஆகணும்."

"அதத்தான் சொல்ல வந்தேன். கொழுந்து எடுக்கையில, இப்ப என்ன பீரியடு நடக்கும்னு மனசு ஓடிக்கிட்டே கெடக்கு. இங்கன என் எடம் காலியா கெடக்குன்னு தெரிஞ்சா அங்கன கை ஓட மாட்டேங்குது. கொழுந்து எட கொறையுது, ஏச்சு வாங்குறேன். முடியலடி. நீயாச்சும் வாங்கிக்கிட்டேன்னு சொல்லிரு."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுடி" என்றாள்.

அவள் அப்பா டி.சி.யைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். "வா ஆத்தா, பஸ்ஸு போயிரும்" என்றார். அவள் நகரவில்லை. நான் சம்மதம் என்று சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

அந்த வருஷம் முழுக்க நான் சன்னலோரத்தில் உட்கார்ந்தேன். நம்ப மாட்டீர்கள், அசையாமல் உட்கார்ந்தேன். எந்த மடிப்பில் மேகம் இறங்குகிறது என்று பார்க்க எனக்கும் தெரிந்துவிட்டது. அங்கே மேகம் இறங்கினால் அவள் நனைந்துகொண்டே கொழுந்து எடுக்கிறாள் என்று அர்த்தம். மழை நாட்களில் எனக்குப் பாடம் ஏறவில்லை. எங்கள் முறை வந்து நாங்கள் பாகம் பிரித்தபோது நான் வேறு எதையெதையோ கொடுத்தேன், அந்த இடத்தை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்தில் பாகம் பிரிப்பதெல்லாம் இல்லை. வேப்பமரம் போய் அங்கே கழிப்பறை வந்துவிட்டது. சன்னலுக்கு நேரே ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது, அதனால் மலையும் கிடையாது. இதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை. நானே இருபது வருஷத்தில் எத்தனையோ வீடு மாறிவிட்டேன்.

ஆனால் போன டிசம்பரில் குடும்பத்தோடு மேகமலைக்குச் சுற்றிப்பார்க்கப் போனோம். ஜீப்பை நிறுத்தச் சொல்லி, விசாரித்து விசாரித்து அந்த லைனைக் கண்டுபிடித்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மாவிடம் பவுன்தாய் வீடு எது என்று கேட்டேன்.

"அவுக போயி வருசமாச்சேம்மா. ஆளுகளக் கொறைக்கையில இந்த லைன்ல எல்லாத்தையும் எறக்கி விட்டுட்டாக. திருப்பூருன்னாக, பெறகு வேற எங்கனயோன்னாக. இந்தா, கடேசி வீடுதான் அது."

தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கதவும் இல்லை. வாசல் இருந்த இடத்தில் நின்று உள்ளே பார்த்தேன். ஒரு அறை, அதை ஒட்டி ஒரு அடுப்படி. அடுப்படிக்குள் பெரணிச் செடி முளைத்து நின்றது. என் மகள் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க என்னம்மா பாக்குற, ஒண்ணுமே இல்லையே" என்றாள். இந்த வீடு போய்விடக் கூடாது என்றுதான் பவுனு அன்று டி.சி. வாங்கினாள்.