ஓடுகிற தண்ணீர் தேடி

எங்கள் ஆற்றை ஆறு என்று சொல்லலாமா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான். மலாக்காவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த குன்றில் ஊற்றாகப் பிறந்து, ரப்பர் மர நிரைகளுக்கிடையே இறங்கி, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வயல்களைத் தொட்டுக்கொண்டு பெரிய ஆற்றில் போய்ச் சேரும். அவ்வளவுதான். பிறகு டவுனுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டுமென்று துரைமார் கீழே ஆற்றை மறித்துக் கரை கட்டினார்கள். வயல்கள் முழுகிப் பெரிய ஏரியானது. ஆறு முன்னைவிடவும் குட்டையாகிவிட்டது.

ஏரி நிரம்பிய பிறகு வந்த முதல் மாரியம்மன் திருவிழா அது. எனக்கு ஏழு வயதிருக்கும். தம்பிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். கைகால் சூம்பி, வயிறு மட்டும் பெரிதாக இருந்தான். அவன் பிழைக்க வேண்டுமென்று அம்மா முளைப்பாரி நேர்ந்திருந்தாள். இருட்டறையில் சட்டியில் தானியம் முளைக்கவைத்து, தலையில் சுமந்து கோயிலைச் சுற்றி, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். நோய் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை.

வழக்கமான துறையில் மற்றப் பெண்கள் தங்கள் முளைப்பாரியை இறக்கிவிட்டார்கள். முளைகள் நகரவில்லை. ஏரித் தண்ணீர் அந்தத் துறைவரைக்கும் ஏறி நின்றிருந்தது. சற்று நேரத்தில் காற்று எல்லாவற்றையும் கரைக்கே ஒதுக்கிவிட்டது. அம்மா மட்டும் தலையிலிருந்ததை இறக்காமல் ஆற்றோரமாக மேலே நடக்கத் தொடங்கினாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை; அவள் பின்னால் நான்.

வளைவுக்கு வளைவு அம்மா ஒரு இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பாள். இலை நிற்கும். நடப்பாள்.

“அண்ணி, இப்படியே போனா ஆறே தீர்ந்துடும்,” என்றாள் அத்தை. “எறக்கி வைங்க. சாமி கோவிச்சுக்காது.”

“ஓடுற தண்ணின்னுதானே நேர்ந்தேன்?”

“அப்ப ஏரி கட்டின துரைகிட்டப் போய்க் கேளுங்க, கொஞ்சம் ஓட விடுவான்!”

அம்மா சிரிக்கவில்லை. கற்களுக்கிடையே ஆறு ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கிய இடத்தில்தான் இலை நகர்ந்தது. அங்கே விட்டாள். முளைகள் கல்லில் முட்டித் திரும்பி, போய்விட்டன.

பள்ளியில் அப்போதுதான் ஆறுகளைப் பற்றிச் சொல்லித் தந்திருந்தார்கள். “இதுவும் அந்த ஏரிக்குத்தானேம்மா போகும்? அங்க போய் நின்னுடும்ல?” என்று கேட்டுவைத்தேன். அத்தை நறுக்கென்று குட்டினாள்.

“தெரியும்டி,” என்றாள் அம்மா. மரவேரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, இவளுக்கு எப்படித் தூக்கம் வருகிறது? எழுப்பப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். மலேரியாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கொய்னா மருந்தா, முளைப்பாரியா, எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது என் குழந்தைக்கு உடம்பு சுட்டால், எதையோ செய்யாமல் விட்டுவிட்டேனோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். அப்படி எதையும் விடவில்லை என்று அம்மாவுக்கு அந்த ஒரு பகலில் தோன்றியிருக்க வேண்டும். அந்த நிம்மதியைத்தான் நான் வெறும் தூக்கம் என்று நினைத்தேன்.